இருபத்தாறாவது குழந்தை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் மேற்பார்வையாளர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் நாலு நல்ல வார்த்தை இல்லை. நான் செய்த நல்ல காரியங்களையெல்லாம் பிரிவு உபசார விழாவிலேயே பேசி, மாலை போட்டு, காராசேவும் காப்பியும் கொடுத்து முடித்துவிட்டார்கள். அன்று யாரும் பேசாத ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழவிக்குப் பிடித்த பைத்தியம் என்று மடித்து வைத்தாலும் சரி. ஆனால் படித்துவிட்டு மடியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள அரசு பணம் கொடுக்கும். அந்தப் பணத்தில் மாதர் சங்கங்களும் கோயில், சர்ச் சார்ந்த சங்கங்களும் காப்பகம் நடத்தும். ஜனங்கள் வாயில் அது பால்வாடிதான். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி. நகர் என்று பல காப்பகங்கள் என் கையில் இருந்தன. ஒரு காப்பகத்துக்கு இருபத்தைந்து குழந்தைகள். இருபத்தாறாவது குழந்தை என்றால் தலைமை அலுவலகத்திலிருந்து ஆணை வரவேண்டும்.

நான் கண்டிப்பானவள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. என் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் இருபத்தைந்து பேர் இருக்கும், பாயில் பதினொரு குழந்தை உட்கார்ந்திருக்கும். மீதிப் பேருக்கு வந்த பால்பவுடர் தெருமுனை டீக்கடையில் கொதித்துக்கொண்டிருக்கும். வேலைக்கே போகாத பெண்கள் போகிறதாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். உண்மையிலேயே கல் சுமக்கிற சித்தாள் ஒருத்தி, இடம் கிடைக்காமல் மணல் குவியலில் குழந்தையைப் போட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருப்பாள். அந்தக் கோபத்தில்தான் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முன்னறிவிப்பு இல்லாமல் காலை பதினோரு மணிக்குத் தாயின் வீட்டுக் கதவைத் தட்டுவேன். வீட்டுவேலை செய்கிறவளோ சித்தாளோ பதினோரு மணிக்கு வீட்டில் இருக்கமாட்டாள். கதவு திறந்தால் பெயரை அடித்துவிடுவேன், சிவப்பு மையில்.

இந்த முறைக்கு அலுவலகத்தில் நல்ல பேர். டீச்சர்கள் எனக்கு ‘பதினோரு மணி’ என்று பேர் வைத்திருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும். கேட்டுச் சிரித்துக்கொண்டேன். என் காலத்தில் எனக்குப் பிடித்த பட்டம் அது.

மயிலாப்பூர்க் கால்வாய்க்கரைக் குடிசைகளை ஒட்டி, ஒரு சர்ச்சின் பழைய கூடத்தில் ஒரு காப்பகம் இருந்தது. அதை நடத்தியவர் ஜெசிந்தா டீச்சர். சாந்தோம் பக்கத்துக் குடும்பம், மணமாகாதவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய பதிவேட்டில் பொய் இருக்காது. குழந்தை வரவில்லை என்றால் வரவில்லை என்றுதான் போட்டிருப்பார். அதனாலேயே அங்கே நான் போவது குறைவு. அந்த வருஷம் ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் போனேன்.

வீட்டு விவரப் பட்டியலில் காஞ்சனா என்று ஒரு பேர். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைப்பவள். புருஷன் இரண்டாவது பெண் பிறந்த வருஷமே ஓடிப்போனவன். மூத்தவள் தேவி, பத்து வயது, கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்தாவது. இளையவளுக்கு இரண்டரை வயது, அவள்தான் காப்பகத்தில் இருப்பவள். எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டதால் பதிவேட்டில் கீதா என்று இருந்தது டீச்சருக்கே மறந்துபோகும்.

“காஞ்சனா இப்ப வேலைக்குப் போறாளா?” என்று கேட்டேன். டீச்சர் பதில் சொல்ல ஒரு கணம் எடுத்துக்கொண்டார். “போவா மேடம்” என்றார். போகிறாள் என்று சொல்லவில்லை. அந்த ஒரு கணம் எனக்குப் போதும். மணி பார்த்தேன், பத்தே முக்கால்.

கால்வாய்க்கரையில் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினேன். கதவு திறந்தது. காஞ்சனா நின்றாள். முகத்தில் பவுடர், வகிடெடுத்துச் சீவிய தலை, காதோரம் ஒரு கிள்ளு கனகாம்பரம்.

“வேலைக்குப் போகலையா?”

“இன்னைக்கு லீவு மேடம்.”

“நாலு வீட்டுலயுமா?”

“ஆமா மேடம்... ஊருக்குப் போய்க்கிறாங்க.”

“நாலு வீட்டுக்காரங்களும் ஒண்ணா ஊருக்குப் போயிருக்காங்களா?”

அவள் சிரித்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் திமிராகத் தெரிந்தது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் பதினோரு மணிக்குப் பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு நிற்பாளா? எத்தனை நாளாக வேலைக்குப் போகவில்லை என்று கேட்டேன். “உடம்புக்கு ஏதாவதா?” என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை என்னை அரிக்கும் கேள்வி அதுதான். அந்த இரண்டு சொல்லைக் கேட்க எனக்கு என்ன கேடு? திரும்பி வந்து, டீச்சர் எதிரிலேயே பதிவேட்டை விரித்துப் பெயரை அடித்தேன். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “உங்க மேல எனக்கு மரியாதை உண்டு டீச்சர், அதக் கெடுத்துக்காதீங்க” என்றேன். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த குழந்தைக்கு அன்றே இடம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் போனபோது டீச்சர் எனக்கு நாற்காலி போடவில்லை. நின்றபடியே சொன்னார்.

“மேடம், காஞ்சனாவுக்கு டீபி.”

எனக்குப் புரியவில்லை. அவர் விவரமாகச் சொன்னார். ஆவணி மாதத்திலிருந்து இருமல். அரசு மருந்தகத்தில் பார்த்து, வாரம் மூன்று நாள் ஊசியும் மாத்திரையும் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வரிசை. வீட்டுக்காரர்களிடம் மஞ்சள்காமாலை என்று சொல்லி விடுப்பு வாங்கியிருந்தாள். நான் போன நாளில் வரிசையில் முன்னாலேயே இடம் கிடைத்து, ஊசி போட்டுவிட்டு வந்து படுத்திருந்தவளை, பக்கத்துக் குடிசைக்காரி ஓடிப்போய் எழுப்பி, ஆபீஸ் அம்மா வருகிறாள் என்று சொல்லியிருக்கிறாள். வெளுத்த முகம் தெரியாமல் இருக்கப் பவுடர். நல்ல உடம்பு என்று நான் நம்புவதற்காகப் பூ. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது நிற்க முடியாததால்.

“நீங்க ஏன் டீச்சர் அன்னிக்கே சொல்லல?”

“மாதா மேல சத்தியம் வாங்கிட்டா மேடம். டீபின்னு தெரிஞ்சா புள்ளையத் தொரத்திருவாங்கன்னு பயம்.”

“யாரு தொரத்துவா?”

டீச்சர் என்னைப் பார்த்தார். “போன வருசம் சொறி வந்த புள்ளைய நீங்கதானே மேடம் அனுப்பச் சொன்னீங்க. இந்தக் கரையில அத்தினி பேருக்கும் அது ஞாபகம் இருக்கு.”

டாக்டரைப் பிறகு போய்க் கேட்டேன். ஒழுங்காக மருந்து சாப்பிட்ட சில வாரங்களில் அவளால் யாருக்கும் ஒட்டாது, குழந்தையையும் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை, வேளை தவறாமல் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வாள், நடுவில் விட்டால்தான் ஆபத்து என்றார். நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். அதை மடித்துப் பைக்குள் வைக்கும்போது அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு தாள் கையில் தட்டுப்பட்டது.

அது என்ன தாள் என்று சொல்கிறேன். எங்கள் விதிகளிலேயே ஒரு பிரிவு இருந்தது. தாய் நோயில் விழுந்தால், அரசு மருத்துவரின் சான்று வைத்து, அவள் வேலைக்குப் போகாவிட்டாலும் குழந்தையின் இடத்தை மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம். பார்த்துக்கொள்ளும் செலவை அரசே கொடுக்கும். தேவைப்பட்டால் நீட்டிக்கவும் செய்யலாம். அந்தச் சுற்றறிக்கையின் நகல் என் பையிலேயே இருந்தது. நான் கதவைத் தட்டிய அன்றும் இருந்தது. அதைப் பற்றி எந்தத் தாயிடமும் நான் அதுவரை சொன்னதில்லை. சொன்னால் ஆளாளுக்குப் போலிச் சான்று வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்.

சரி, தப்பு நடந்துவிட்டது, திருத்திவிடலாம் என்று நினைத்தேன். தப்பைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

மேலதிகாரியிடம் போனேன். கெட்டவர் இல்லை. கோப்பில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்ப்பவர்.

“அடிச்ச பேரை எப்படிம்மா திரும்ப எழுதறது? இடத்தை வேற குழந்தைக்கு நீங்களே குடுத்துட்டீங்க. அதை வெளியில அனுப்பச் சொல்றீங்களா?”

“இல்ல சார். இருபத்தாறாவதா ஒரு இடம் கேட்டு எழுதலாம்.”

“எழுதுங்க. ஆனா அது புது விண்ணப்பம். புது விண்ணப்பம்னா தாய் இப்ப வேலையில இருக்காங்கறதுக்கு அத்தாட்சி வேணும்.”

“அவ நோயில இருக்கா சார். அந்த நோய்ப் பிரிவு...”

“அது ஏற்கெனவே சேர்ந்த குழந்தைக்கும்மா. சேரவே இல்லாத குழந்தைக்கு எப்படி நீட்டிப்பு தருவாங்க? முதல்ல சேருங்க. சேர்ந்ததும் மறுநாளே சான்று வையுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

கேட்கும்போது எனக்கு இது சரியாகத்தான் பட்டது. ஒரே ஒரு கடிதம், பிறகு எல்லாம் சுலபம். நேராகக் கால்வாய்க்கரைக்குப் போனேன். காஞ்சனா பாயில் கிடந்தாள். தேவி பள்ளிக்கூடம் போகாமல் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் பெயரை அடித்த மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. அந்தக் குழந்தையை வேறு யார் பார்ப்பார்கள்?

காஞ்சனா எழுந்து உட்கார முயன்றாள். படு என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். எங்கள் உத்தியோகத்தில் அந்த வார்த்தை நாக்கில் சுலபமாக வருவதில்லை. அதற்குப் பதிலாக வேலைப் பேச்சு வந்தது.

“பாப்பாவுக்கு எடம் வாங்கித் தரேன். நீ வேலைக்குப் போறேன்னு ஒரு வீட்டுலயிருந்து லெட்டர் மட்டும் வேணும்.”

“வேலைக்குப் போனாத்தான் எடமா மேடம்?”

“விதி அப்படித்தான். லெட்டர் வந்தா மத்தத நான் பாத்துக்கறேன்.”

அவள் தலையாட்டினாள். தேவியும் ஊதுகுழலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அன்று நான் கவனித்தேன், அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

அங்கிருந்து காப்பகத்துக்கு வந்தேன். ஜெசிந்தா டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“லெட்டர் வர்றப்ப வரட்டும் மேடம். நாளையிலேர்ந்து பாப்பா சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போகட்டுமே. பேரு வேணாம், ஒண்ணும் வேணாம். இருபத்தஞ்சு டம்ளர் பால இருபத்தாறா ஊத்துனா எந்தப் புள்ள கொறஞ்சிரப் போவுது? மூத்ததும் பள்ளிக்கூடம் போகும். அவளும் நிம்மதியா ஊசி போட்டுக்குவா.”

நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் வெட்கம். பதிவேட்டில் இல்லாத குழந்தை. நாளைக்கு என் மேலேயே வேறொருவர் ஆய்வுக்கு வந்தால்? போலிப் பேர் வேட்டையாடுகிறவள் காப்பகத்தில் பேரில்லாத குழந்தை என்று ஊர் சிரிக்காதா?

“வேணாம் டீச்சர். எழுதாத குழந்தைக்கு இங்க ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“இங்க வராம ஏதாவது ஆயிடுச்சுன்னா யாரு மேடம் பதில் சொல்றது?”

“அது நம்ம பொறுப்பு இல்லையே” என்று என் வாயால் சொன்னேன். இளையவர்களே, ஆணையும் சுற்றறிக்கையும் எதிரில் இல்லாதபோது நாம் சொல்கிற பதில்தான் நம் உண்மையான உத்தியோகம். அந்த அறையில் அன்று எனக்கு மேல் யாரும் இல்லை. சரி என்று நான் சொல்லியிருந்தால் கேட்பதற்கு ஆளில்லை. சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிதம் வரவில்லையே என்று நானே அவள் வேலை செய்யும் வீடொன்றைத் தேடிப் போனேன். குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. வீட்டுக்கார அம்மாள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே அழைத்து மோர் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது.

“லெட்டர் நேத்திக்கே எழுதி வச்சுட்டேன், இந்தாங்கோ. ஆனா இது என்ன கூத்துன்னு நேக்குப் புரியல. அவ இருமிண்டே பாத்திரம் தேய்ச்சிண்டிருக்கா. போய்ப் படுத்துக்கோடின்னா கேக்க மாட்டேங்கறா. வேலையை விட்டா கொழந்தைக்கு எடம் போயிடும், ஆபீஸ் அம்மா சொல்லிட்டான்னு அழறா. யார் அந்த ஆபீஸ் அம்மா?”

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். காஞ்சனா தோய்க்கிற கல்லில் ஒரு போர்வையை அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு அடி, பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள், மறுபடி இரண்டு அடி. பாப்பா கிணற்றடிச் சுவரோரமாக, இடுப்பில் ஒரு பழைய புடவைத் துண்டு சுற்றி, குழாயில் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது. தேவி ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்ததால், கிணற்றுப் பக்கம் போய்விடாமல் இருக்கக் கட்டியிருந்தாள்.

“லெட்டர் மட்டும்தானே கேட்டேன் காஞ்சனா.”

“வேல செய்யாம லெட்டர் எப்டி மேடம் கேக்கறது? பொய் சொல்லி வாங்கிக்கினு வந்தா மறுபடி நீங்க வந்து கதவத் தட்டுவீங்க.”

“ஊசி?”

“அப்பறமா போட்டுக்கலாம் மேடம். ஊசிக்கும் வேலைக்கும் ஒரே நேரம். பாப்பாக்கு எடம் கெடச்சதும் படுத்துக்கறேன். எத்தினி நாள்ல கெடைக்கும்?”

மற்ற மூன்று வீட்டிலும் வேறு ஆள் வைத்துவிடுவோம் என்று சொன்னதால் அங்கும் போக ஆரம்பித்திருந்தாள். அவளை அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். போர்வையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஜெசிந்தா டீச்சரின் பாயில் உட்கார வைத்திருக்கவேண்டும். நான் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, “சீக்கிரம் கெடைக்கும்” என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு விரைந்தேன். கோப்பை வேகப்படுத்துவதுதான் அவளைக் காப்பாற்றுகிற வழி என்று மனதார நம்பினேன். நான் சோம்பேறியாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் தோன்றும். அந்தக் கோப்புக்காக நான் நாயாய் அலைந்தேன். தலைமை அலுவலகத்தில் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினேன். இந்தப் பக்கம் கையெழுத்து இல்லை, அந்தப் பக்கம் முத்திரை இல்லை, பொங்கல் விடுமுறை, கையெழுத்துப் போடுகிறவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். நடுவில் ஒருமுறைகூட நான் கால்வாய்க்கரைக்குப் போகவில்லை. ஆணை இல்லாமல் அவள் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சம்.

மாசி மாதம் ஆணை வந்தது. ‘சிறப்பு நேர்வாக, தாய் பணிபுரிவதால், இருபத்தாறாவது குழந்தையாகச் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது.’ அதை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். அலுவலக வேலைக்கு ஆட்டோவில் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஜெசிந்தா டீச்சர் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். ஆணையை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி முழுவதும் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“காஞ்சனா செத்து இன்னையோட ஒம்பது நாள் மேடம்.”

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறாள். இரண்டு நாள் இருந்தாள். கடைசியில் டீச்சரிடம் கேட்டது, லெட்டர் போய்ச் சேர்ந்ததா என்று. போய்விட்டது, ஆணை வந்துகொண்டிருக்கிறது என்று டீச்சர் சொன்னாராம். குழந்தைகள் இரண்டும் அதே கரையில் கொஞ்சம் தள்ளி இருக்கும் காஞ்சனாவின் அக்காவிடம். அவள் விடிவதற்கு முன்னால் மீன் எடுக்கப் போய்விடுகிறவள், அவளுக்கே மூன்று பிள்ளைகள்.

நான் குழந்தைகளின் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. டீச்சர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

உங்களில் யாராவது கேட்கலாம், ஒரு மேற்பார்வையாளர் போட்ட ஒரு கோடு ஒரு உயிரைக் கொன்றுவிடுமா என்று. கொன்றது நோய்தான். ஆனால் நோயோடு படுத்துக்கிடக்க ஒருத்திக்கு அரசு கொடுத்திருந்த மூன்று மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவள் எழுந்து நின்று வேலை செய்தால்தான் உதவி என்று நானே என் வாயால் சொன்னேன். விழுந்து கிடக்கிறவளுக்குத்தான் அந்த உதவி என்பதை அவளும் அறியவில்லை, அறிந்த நான் சொல்லவில்லை. கதவு திறந்தால் முதலில் உடம்புக்கு என்ன என்று கேளுங்கள். பொய் சொல்கிறாள் என்று தெரிந்தால், எதற்குப் பயந்து சொல்கிறாள் என்று பாருங்கள். நூறு போலிப் பேர் தப்பிப் போனால் அரசாங்கம் தாங்கிக்கொள்ளும்.

அன்று நான் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும்போதே வாசலில் நிழலாடியது. தேவி வந்திருந்தாள். ஆட்டோவில் நான் வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். பள்ளிச் சீருடைப் பாவாடையைத்தான் கட்டியிருந்தாள், ஓரமெல்லாம் நனைந்து முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் பாப்பா. கையில் பாத்திரம் தேய்க்கிற சபீனா பவுடரின் வெள்ளை.

“மேடம், பாப்பாக்கு எடம் வந்துச்சாமே?”

வந்த ஆணை செத்துப்போன ஒருத்தி வேலை செய்வதால் கொடுக்கப்பட்டது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? நான் எழுந்து பாப்பாவை வாங்கிக்கொண்டேன். அந்த வயதுக்குக் கனமே இல்லை. இருபத்தைந்து குழந்தைகளுக்கு நடுவில் இடம் பண்ணி உட்கார வைத்தேன். ஜெசிந்தா டீச்சர் ஒரு தட்டில் சோறு போட்டு எதிரில் வைத்தார். பதிவேட்டை நாங்கள் இருவருமே திறக்கவில்லை. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“தேவி, இனிமே பாப்பா தினம் இங்கதான். நீ நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் போ. நான் வந்து ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசறேன்.”

அவள் பின்னால் ஒரு அடி நகர்ந்தாள்.

“நான் இப்ப அம்மா போன நாலு வூட்டுக்கும் போய்க்கினு கீறேன் மேடம். நல்லாதான் செய்யறேன். லீவே போடல. நீங்க வேணா அந்த மாமியக் கேளுங்க, லெட்டர் தரேன்னு சொன்னாங்க.”

“வேலைக்கெல்லாம் வேணாம்மா. நீ படிக்கணும்.”

“நான் வேலைக்குப் போவலன்னா பாப்பா பேர அடிச்சிருவீங்களே மேடம்.”

அடிக்கமாட்டேன் என்றேன். யாரும் அடிக்கமாட்டார்கள், உன் அம்மா மேல் சத்தியம் என்றேன். டீச்சரும் சொன்னார். தேவி எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். தங்கை சாப்பிடுவதையும் பார்த்தாள். பிறகு, மூன்றாவது வீட்டில் துணி ஊறிக்கொண்டிருக்கிறது, நாலு மணிக்குள் முடித்துவிட்டு வந்து பாப்பாவைக் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.